நாற்பத்தாறுக்கு ஒன்று

"செத்துப்போனவன் எப்படி ஓட்டுப் போட்டான்?"

டெல்மர் ஹூபர் கேட்டது ஊர்க்கூடத்தின் கதவைப் பார்த்து. கதவு பதில் சொல்லவில்லை. அதில் குத்தியிருந்த தாள் மட்டும் நவம்பர் காற்றில் படபடத்தது. விட்மோர் வாக்குச்சாவடி, அதிபர் தேர்தல்: குடியரசுக் கட்சி 46, ஜனநாயகக் கட்சி 1.

சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். அது வழக்கம்போல் வீட்டில், வழக்கம்போல் எங்கே என்று தெரியாத ஓர் இடத்தில் இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். ஒன்று ஒன்றாகவே இருந்தது.

"யாரு செத்தது?" உள்ளே மேசைகளை மடக்கிக்கொண்டிருந்த பெர்னீஸ் குரல் கொடுத்தாள். முப்பது வருஷமாக அவள்தான் ஊரின் எழுத்தர். வயது எழுபத்தொன்பது.

"எமில்தான். ஏப்ரல்ல புதைச்சோம்ல?"

"புதைச்சோம்னு நீ சொல்லாதே. நீ கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருந்தே. பெட்டியைத் தூக்க வான்னு கூப்பிட்டதுக்கு இடுப்பு வலின்னே."

இடுப்பு வலி உண்மைதான். ஆனால் மறுநாள் அதே இடுப்பை வைத்துக்கொண்டு டெல்மர் பன்னிரண்டு கன்றுகளைப் பிடித்துக் காதில் அடையாள வில்லை குத்தியதும் உண்மை. இரண்டும் ஊருக்குத் தெரியும். ஐம்பது ஓட்டுள்ள ஊரில் தெரியாதது என்று ஒன்று இருந்தால் அது இந்த ஒற்றை ஓட்டுதான். இன்று காலை வரை அதுவும் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் வரை விட்மோருக்குத் தனிச் சாவடி கிடையாது. பக்கத்து ஊருக்குப் போய் அவர்கள் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். யார் ஓட்டு யாரோடு கலந்தது என்று கடவுளுக்கே வெளிச்சம். பிறகு மாவட்ட அலுவலகம் தனிச் சாவடி தர ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை: ஓட்டு எண்ணும் குழுவில் மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவராவது அடுத்த கட்சியில் பதிந்தவராக இருக்க வேண்டும்.

விட்மோரில் அத்தனை பேரும் ஒரே கட்சி. அப்பா பதிந்த கட்சியில் மகன் பதிவான், மகன் பதிந்த கட்சியில் மருமகள் பதிவாள். ஆகவே யாராவது ஒருவர் தன் பெயரை அடுத்த கட்சிக்கு மாற்றிப் பதிந்தாக வேண்டும். ஒரு சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் சீட்டுக்கட்டைப் பிரித்து ஆளுக்கொரு சீட்டு எடுத்தார்கள். சின்னச் சீட்டு யாருக்கோ அவர் போக வேண்டியது. க்ளாவர் ரெண்டைத் தூக்கிக் காட்டியவர் எமில் வவ்ரா. சிரித்துக்கொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் டெல்மர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, டெல்மரின் மனைவி ஆர்டிஸ் சுட்ட கூகன் என்கிற பழக் கேக்கில் மூன்றாம் துண்டைத் தின்றுகொண்டே எமில் சொன்னார்: "பேருதான்டா அங்க. ஓட்டு உன்கூடத்தான்."

தனிச் சாவடியின் முதல் அதிபர் தேர்தலில் முடிவு வந்தது. ஐம்பத்தேழுக்கு ஒன்று.

டெல்மர் மற்ற எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டுத் தன் சமையலறையில் கூகன் தின்றவன் திரைக்குப் பின்னால் போய் வேறு வேலை செய்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் சேர்ந்து மாடு பார்த்தவர்கள். அக்டோபர் தோறும் மந்தையைப் பிரிக்கும்போது டெல்மர் ஒவ்வொரு மாடாகப் பார்ப்பார். கிழடு, மலடு, நொண்டி எதுவென்று கண்டதும் ஆரஞ்சு வண்ணக் குச்சியால் அதன் பின்தொடையில் ஒரு பெருக்கல் குறி. எமில் வாயிற்கதவைத் திறப்பார். குறி விழுந்த மாடு அடிமாட்டு லாரிக்குப் போகும். அந்த வருஷம் அக்டோபரில் கதவைத் திறக்க டெல்மர் தன் மைத்துனனைக் கூப்பிட்டார். மைத்துனன் தப்பான மாட்டுக்கெல்லாம் திறந்தான். டெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டாரே தவிர எமிலைக் கூப்பிடவில்லை.

இரண்டாவது தேர்தலுக்கு அப்புறம் எமில் ஒரு தடவை வேலி வரை வந்தார். "டெல்மர், ஓட்டுச் சீட்டு விஷயமா உன்கிட்ட ஒரு வார்த்தை," என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். டெல்மர் டிராக்டரின் கியரைப் போட்டார். அதற்குப் பிறகு எமில் வரவில்லை.

அதன்பின் சோள விலை ஏறியது, இறங்கியது. போர் வந்தது, போனது. பிள்ளைகள் டென்வருக்கும் மினியாபொலிஸுக்கும் போனார்கள். ஐம்பத்தேழு ஐம்பத்து மூன்றாகி, நாற்பத்தொன்பதாகத் தேய்ந்தது. ஒன்று மட்டும் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆறு அதிபர் தேர்தல். ஆறு ஒன்று.

இப்போது எமில் இல்லை. ஒன்று இருக்கிறது.

"தப்பா எண்ணியிருப்பீங்க, பெர்னீஸ்."

"மூணு தடவை எண்ணினோம்."

"எமில் இடத்துல உட்கார மாவட்டத்துலேருந்து ஒரு பொம்பளையைக் கடன் வாங்கினீங்களே, அவ கோட்டை விட்டிருப்பா."

"அவ பாங்க்ல இருபது வருஷம் நோட்டு எண்ணினவ. நாற்பத்தேழு சீட்டை எண்ணத் தெரியாதா?"

"எங்க கண்ணு முன்னாடி இன்னொரு தடவை எண்ணுங்க."

சட்டப்படி கேட்டால் செய்துதான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை மறு எண்ணிக்கை. பார்க்க வந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆறடி தள்ளி நிற்க வேண்டும் என்று பெர்னீஸ் விதியைப் படித்தாள். கண்ணாடி இல்லாத டெல்மருக்கு ஆறடியில் தெரிந்ததெல்லாம் வெள்ளையாக ஏதோ கைமாறுகிறது என்பதுதான். முக்கால் மணி நேரம் கழித்துப் பெர்னீஸ் அறிவித்தாள். நாற்பத்தாறு. ஒன்று.

அதுவரை கதவுத் தாளைப் படித்தவர்கள் ஐந்தாறு பேர்தான். மற்றவர்களுக்கு அதிபர் யார் என்று தொலைக்காட்சி சொல்லியிருந்தது, அதுவே போதுமாக இருந்தது. மறு எண்ணிக்கை என்று டெல்மர் கிளப்பிவிட்டதால் கூடம் நிறைய ஆள். பின்னாலிருந்து யாரோ நிதானமாகக் கேட்டார்கள்: "அப்ப, இத்தனை வருஷமா அது எமில் இல்லையா?"

டெல்மருக்குக் காது சூடேறியது. "எமில்தான். அவன் போனான், அவன் இடத்துக்கு இன்னொருத்தன் வந்திருக்கான். புதுசா யாரோ."

சொல்லிவிட்டார். இனி அந்தப் புது ஆளைக் கண்டுபிடித்தே தீர வேண்டும். கிடைத்துவிட்டால் எமில் துரோகிதான், டெல்மர் நியாயஸ்தர்தான், கடைசி பெஞ்சு கடைசி பெஞ்சாகவே இருக்கலாம். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற யோசனையை அவர் பாதியில் விட்டுவிட்டு, பெர்னீஸிடம் வாக்காளர் பட்டியல் கேட்டார்.

"யாரு பதிஞ்சிருக்காங்க, எந்தக் கட்சின்னு பதிஞ்சிருக்காங்க, அவ்வளவுதான் இதுல இருக்கும்," என்றாள் பெர்னீஸ். "யாருக்குப் போட்டாங்கன்னு இருக்காது."

"அதுதானே வேணும்."

"அது வேண்டாம்னுதான் திரை கட்டியிருக்கு."

பட்டியலில் போன தேர்தலுக்கப்புறம் சேர்ந்த பெயர் இரண்டு. மாட்டு டாக்டர் ட்ரெவர் ஹாஸ். தேவாலயத்துக்குப் புதிதாக வந்த போதகர் காரின் லிண்ட்க்விஸ்ட். இரண்டு பேரும் எந்தக் கட்சியிலும் பதியவில்லை. கட்சி இல்லாதவர்களை டெல்மரால் புரிந்துகொள்ள முடிந்ததே இல்லை. காதில் வில்லை இல்லாத மாட்டை எந்த மந்தையில் சேர்ப்பது?

டாக்டர் முதலில் அகப்பட்டார். டெல்மரின் தொழுவத்திலேயே, ஒரு கிடேரியின் பின்னால் நின்று, தோள் வரை கையை உள்ளே விட்டுச் சினை பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நீங்க எந்தக் கட்சி?"

"இப்பவா?"

"சும்மா கேட்டேன்."

"மிஸ்டர் ஹூபர், என் கை எங்க இருக்குன்னு பாருங்க. இந்த நிலைமையில எந்தக் கட்சியும் என்னைச் சேர்த்துக்காது."

"இல்ல, அதிபருக்கு யாருக்குப் போட்டீங்க?"

டாக்டர் கையை வெளியே எடுத்தார். நீளக் கையுறையை உருவினார். வாளித் தண்ணீரில் இரண்டு தடவை கழுவினார். "நீங்க போட்ட ஆளுக்குத்தான். எங்கப்பா போட்ட கட்சிக்கு, எங்க தாத்தா போட்ட கட்சிக்கு. போதுமா?"

"கோவிச்சுக்காதீங்க."

"கோவிச்சுக்கலை. கிடேரி சினைதான். மார்ச்சுல ஈனும். அப்ப நீங்க அபர்டீன் டாக்டரைக் கூப்பிட்டுக்கங்க. அறுபது மைல் வண்டி ஓட்டிட்டு வருவாரு, அவருக்கு அரசியல் பேசத் தெம்பு இருக்காது."

ஒருவர் கழிந்தார். அப்படியானால் போதகர்தான். டெல்மருக்கு அது முன்பே பட்டது. ஜனநாயகக் கட்சியே ஜெயிக்கிற மினசோட்டாவிலிருந்து வந்தவள், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போடுவது கடவுளுக்கும் நாட்டுக்கும் செய்கிற கடமை என்று அரை மணி பிரசங்கம் வேறு செய்தாள். ஆராதனை முடிந்து எல்லோரும் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவளை ஓரமாக அழைத்தார்.

"எமிலைப் பத்திப் பேசணுமா?" என்று போதகர் கேட்டாள். அவள் முகத்தில் உண்மையான கருணை இருந்தது. "நீங்க வருவீங்கன்னு ஏப்ரல்லேருந்து காத்துட்டிருக்கேன்."

"ஒரு வகையில அவனைப் பத்திதான். நீங்க யாருக்குப் போட்டீங்க?"

போதகரின் முகம் கழுத்திலிருந்து மேலாகச் சிவந்தது. குரலை மிகவும் தாழ்த்திக்கொண்டாள். "நான் போடலை."

டெல்மருக்கு டிராக்டர் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. மீதிக் காதுக்காக அவர் பேசுவதெல்லாம் மாட்டை விரட்டுகிற குரலில்தான். "என்னது? ஓட்டே போடலையா?"

காப்பிக் கோப்பைகள் நின்றன. அபர்டீன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த ஒரு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு அன்று முழுவதும் உட்கார்ந்திருந்ததாகவும், திரும்பி வருவதற்குள் சாவடி மூடிவிட்டதாகவும், பிரசங்கம் செய்த வாயோடு இதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்ததாகவும் போதகர் அறுபது பேர் முன்னால் சொல்லும்படி ஆயிற்று. சொல்லி முடிக்கும்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. கிழவியின் மகள் எழுந்துபோய் அவள் தோளில் கை போட்டாள். அப்புறம் எல்லோரும் டெல்மரைப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு டெல்மரின் பெஞ்சில் டெல்மரும் ஆர்டிஸும் மட்டும் உட்கார்ந்தார்கள். புதன்கிழமைச் சீட்டாட்டத்துக்கு மூன்று பேருக்கு ஒரே நாளில் மூட்டு வலி வந்தது. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "நான் யாருக்குப் போட்டேன்னு கேக்காதீங்க, எனக்கு அடுத்த வீட்டுக்குப் போகணும்," என்றார்.

ஆர்டிஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "விட்டுடு டெல்மர். எமில் பொய் சொல்ற ஆள் இல்லை. இதை நான் இருபத்து நாலு வருஷமா சொல்றேன்."

"உனக்கு எப்படி அவ்வளவு நிச்சயமா தெரியும்?"

"அவனைத் தெரியும், அதனால தெரியும்."

டெல்மர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டாக்டர் இல்லை. போதகர் இல்லை. அந்த ஓட்டு எமிலுடையது இல்லை என்று இவளுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. அப்படி நிச்சயமாகத் தெரிந்திருக்கக் கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும்.

"ஆர்டிஸ், அது நீயா?"

அவள் கையிலிருந்த துண்டை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள். "கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்துல நீ என்கிட்ட கேட்ட முதல் அரசியல் கேள்வி இது."

"ஆமான்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன். திரை எனக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கு." பெட்டியை எடுத்தாள். "நான் அபர்டீன்ல அக்கா வீட்டுக்குப் போறேன். ஃப்ரீசர்ல மூணு நாளைக்கு இருக்கு. நாலாம் நாள் உன் நாற்பத்தாறு பேரையும் கூப்பிட்டுச் சமைக்கச் சொல்லு."

நாலாம் நாள் டெல்மர் தகர டப்பா பீன்ஸைச் சூடாக்கக்கூடச் செய்யாமல் தின்றார். வீடு அநியாயத்துக்கு அமைதியாக இருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் எமிலின் வேலி தெரிந்தது. ஊர் வழக்கப்படி வேலியில் பாதி அவனுடையது, பாதி இவருடையது. இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட வருஷம் இவருடைய பாதியை யாரோ பழுது பார்த்துக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். இப்போது நன்றி வாய் வரைக்கும் வந்து நின்றது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

ஜனவரியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விட்மோர் குழுவில் வேறு கட்சியில் பதிந்தவர் எவரும் இல்லாததால், இனி கடன் ஆள் தர இயலாததால், சாவடி மூடப்படும். வாக்காளர்கள் முப்பத்தெட்டு மைல் தள்ளி மாவட்டத் தலைநகரில் வாக்களிக்கலாம்.

பெர்னீஸ் ஊரைக் கூட்டினாள். "ஒரே ஒரு ஆள் போதும். ஒரு படிவம், ஒரு கையெழுத்து. எமில் செஞ்ச மாதிரி."

ஒருவரும் அசையவில்லை.

"என்னப்பா, யாருமே இல்லையா?"

முன் வரிசையிலிருந்த மாட்டு டாக்டர் எழுந்தார். "நான் பதியலாம்னுதான் இருந்தேன். ஆனா பதிஞ்ச மறுநாள் மிஸ்டர் ஹூபர் என் வீட்டு வாசல்ல நிப்பாரு. அப்புறம் செத்தா என் பெட்டியைத் தூக்க ஆள் வராது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் டெல்மருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பின் வரிசையில் ஆர்டிஸ் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார். கோட்டைக் கழற்றாமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பயணியைப் போல உட்கார்ந்திருந்தாள்.

டெல்மர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். கழற்றியதும் வேலியோரம் தொப்பியும் கையுமாக நின்றவனின் ஞாபகம் வந்தது.

"நான் பதியறேன்," என்றார்.

கூடம் திரும்பிப் பார்த்தது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். அன்னைக்குச் சீட்டு எடுத்தோமே, க்ளாவர் ரெண்டு எமிலுக்கு வரலை. எனக்கு வந்தது. எங்கப்பா அப்ப உயிரோட இருந்தாரு. நான் கட்சி மாத்திப் பதிஞ்சேன்னு தெரிஞ்சா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே போயிருப்பாரு. பக்கத்துல உட்கார்ந்திருந்த எமில் என் மூஞ்சியைப் பார்த்தான். மேசைக்குக் கீழ என் சீட்டை வாங்கிக்கிட்டு அவன் சீட்டைக் கொடுத்தான். ஹார்ட்டின் ஒன்பது. எனக்கு வந்ததை அவன் எடுத்துக்கிட்டான். நான் அவனோட இருபத்து நாலு வருஷம் பேசலை."

பெர்னீஸ் மூக்கைச் சிந்தினாள்.

"அந்த ஒரு ஓட்டு எமிலுது இல்லை. அது எனக்கு இப்ப தெரியும். அவன் இருக்கும்போது தெரிஞ்சிருக்கணும், தெரியலை. அதுக்கு இனி ஒண்ணும் செய்ய முடியாது." ஆர்டிஸ் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார், முடியவில்லை. "அந்த ஓட்டுப் போட்ட ஆளு யாரா வேணும்னாலும் இருக்கட்டும். நான் மன்னிச்சுட்டேன். இனிமே கேக்க மாட்டேன்."

போதகர்தான் முதலில் வந்து கை கொடுத்தாள். டாக்டர், மார்ச் மாதம் கிடேரிக்குத் தானே வருவதாகச் சொன்னார், பேச்சு மட்டும் வானிலையைப் பற்றி இருக்க வேண்டும் என்று. ஆர்டிஸ் பெட்டியைக் கொண்டுபோய் டெல்மரின் வண்டியில் வைத்துவிட்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

பதிவு அட்டை பிப்ரவரியில் வந்தது. டெல்மர் ஹூபர், ஜனநாயகக் கட்சி. அதை அவர் அப்பாவின் படத்துக்கு எதிரே வைக்காமல் அலமாரிக்குள் வைத்தார். பிறகு குழுப் பயிற்சிக்கு ஊர்க்கூடத்துக்குப் போனார். சட்டைப்பையில் கண்ணாடி இருந்தது. ஆர்டிஸ் தேடி எடுத்துப் போட்டிருந்தாள்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எமிலின் நாற்காலி காலியாக இருந்தது. "அதுலதான் உட்காரணும்," என்றாள் பெர்னீஸ். டெல்மர் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு பக்கம் கொஞ்சம் ஆடியது.

"எமில் சீட்டைப் பிரிச்சு வாசிப்பான், நான் கோடு போட்டுக் கணக்கு வைப்பேன். இனி நீ வாசிக்கணும். உள்ள பார்த்ததை வெளிய சொல்லக் கூடாது, கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணணும். எமில் சாகிற வரைக்கும் காப்பாத்தினான்."

"நானும் காப்பாத்துவேன்."

"வயசானவங்க யாராவது எப்படிப் போடறதுன்னு கேட்டா சொல்லித் தரணும். இந்தா, மாதிரிச் சீட்டு. ஒரு தடவை போட்டுக் காட்டு."

"இதுக்கெல்லாமா பயிற்சி? நாற்பது வருஷத்துக்கு மேல போடறேன். அரை நிமிஷத்துல வெளிய வருவேன், உங்களுக்கே தெரியும்."

"விதி அப்படி. போடு."

மாதிரிச் சீட்டில் இரண்டே வரி. மேலே குடியரசுக் கட்சி வேட்பாளர், கீழே ஜனநாயகக் கட்சி வேட்பாளர். பக்கத்தில் ஆளுக்கொரு கட்டம். டெல்மர் பென்சிலை வண்ணக் குச்சி பிடிக்கிற மாதிரி முஷ்டியில் பிடித்தார். ஒரே வீச்சில் பெருக்கல் குறி போட்டார். வலது கோடு நீளம், இடது கோடு குட்டை, மொத்தமும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கட்டத்தை விட்டு வெளியேயும் வழிந்தது.

பெர்னீஸ் சீட்டைத் தன் பக்கம் திருப்பினாள். "நீ பழைய கட்சிக்குத்தானே போட்டுக் காட்டினே?"

"பேருதான் மாறியிருக்கு. ஓட்டு எப்பவும் போல."

"கோடு கீழ் ஆளுக்கு விழுந்திருக்கே."

"ஆமா. வேண்டாதவனுக்குத்தானே கோடு?" டெல்மர் பொறுமையாக விளக்கினார், வயதானவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று அவளே சொல்லியிருந்ததால். "வச்சுக்கிற மாட்டுக்கு யாராவது குறி போடுவாங்களா? முதல் தடவை எங்கப்பா என்னைக் கூட்டிட்டுப் போனப்பவே திரை வாசல்ல நின்னு சொன்னாரு, போய் அந்த ஆளைக் கழிச்சுட்டு வாடான்னு. மத்த பதவிக்கெல்லாம் நம்ம ஊர்ல ஒரே ஆள்தான் நிப்பாங்க. கழிக்க வேண்டியதில்லை, அப்படியே விட்டுடுவேன்."

"சீட்டுக்கு மேல எப்படிப் போடணும்னு எழுதியிருக்குமே."

"அதை யாரு படிக்கிறா, கண்ணாடி இல்லாம?"

பெர்னீஸ் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். மாதிரிச் சீட்டை மேசைமேல் வைத்து, அந்தப் பெருக்கல் குறியை விரலால் தடவினாள். அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"ஒவ்வொரு தடவையும் அந்த ஒத்தை ஓட்டுச் சீட்டு இதே குறியோடதான் வரும், டெல்மர்," என்றாள். "எமில் அதை மட்டும் கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருப்பான், அப்புறம் சிரிச்சுக்கிட்டே என்கிட்ட நீட்டுவான்: 'இது யாரு போட்ட குறின்னு எனக்குத் தெரியும் பெர்னீஸ், ஆனா இந்தத் தடவை கதவைத் திறக்க எனக்கு மனசு வரலை.'"